ஐந்து ஊர்களும் பத்து விரல்களும்

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு நாற்பத்திரண்டு. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் என்று அவரும், அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிறகுதான் என்று நானும் ஆளுக்கொரு காரணம் சொல்லி வருடங்களைத் தள்ளியிருந்தோம். ராயபுரத்தில் நான் சிறுவயதிலிருந்து பூசை பார்க்கும் மாதா கோயிலிலேயே கல்யாணம் நடந்தது. மூன்று நாள் லீவு எடுத்திருந்தார். இரண்டாவது நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வேலை பார்க்கும் யார்டிலிருந்து போன் வந்தது. ட்ரெய்லரிலிருந்து ஒரு கன்டெய்னர் சரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை, ஆனால் சூப்பர்வைசர் வராமல் யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு போனவர் மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு நாற்காலி முதுகில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அதன் தோளில் யார்டு மண்ணின் நிறத்தில் லேசாகத் தூசி படிந்துவிட்டது. எங்கள் தெருவில் எதன் மேலும் ஒரே நாளில் தூசி படியும்.

திருவொற்றியூரில் அவருடைய அம்மாவோடு நாங்கள் மூன்று பேர். நான் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ரயிலில் போய் ரயிலில் வருவேன். அவர் எர்ணாவூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கப்பலில் வந்த பெட்டிகளை ஹார்பரிலிருந்து அங்கே கொண்டுவந்து, கதவில் வைத்த சீலை உடைத்துத் திறந்து, சரக்கை இறக்கி, லாரிகளில் ஏற்றி அனுப்புவார்கள். எண்ணூர் ரோட்டில் லாரி வரிசை நின்றுவிட்டால் அவர் வீட்டுக்கு வரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. அப்படியே முதல் வருடம் போனது. இரண்டாவது வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து கொண்டுவந்த அட்லஸை மேஜையில் விரித்தேன்.

"ஏங்க, நாம எங்கயும் போகவே இல்ல."

"எங்க போவணும் சொல்லு. மகாபலிபுரம் போலாமா?"

"ஹனிமூனுக்குப் போகணும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அட்லஸைப் பார்த்தார். நான் விரித்திருந்த பக்கம் ஐரோப்பா. பதினைந்து வருடமாக ஆல்ப்ஸ் மலை என்று பலகையில் எழுதி, பக்கத்தில் முக்கோணம் முக்கோணமாக வரைந்து, மேலே வெள்ளைச் சாக்பீஸால் பனி பூசிக் காட்டியிருக்கிறேன். ரைன் நதி எங்கே தொடங்குகிறது, எந்தக் கடலில் போய்ச் சேருகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் பார்த்த மிகப் பெரிய மலை திருத்தணி. இதை அவரிடம் சொன்னேன்.

"சரி, போலாம்" என்றார். "எந்தெந்த ஊரு?"

பாரிஸ், ஆல்ப்ஸ் அடிவாரத்து லூசர்ன், வெனிஸ், ரோம் என்று பென்சிலால் சின்னச் சின்ன வட்டம் போட்டேன். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, பரீட்சையா?"

"ஹனிமூன் போறோம்மா" என்று அவரே சொன்னார்.

"இத்தினி தூரமா? அங்க இன்னா கீது? வேளாங்கண்ணிக்குப் போயி மாதாவப் பாத்துட்டு, அப்டியே பீச்சுல காத்து வாங்கிக்கினு வந்தா ஆவாதா?" என்று கேட்டுவிட்டு, ரோம் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். அங்கேயிருந்து தனக்கு ஒரு ஜெபமாலை வாங்கிவர வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை நான் மட்டும் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஜவுளிக்கடை ஒன்றுக்கு மேலே, குறுகலான மாடிப்படி. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்தில் மாலையும் கழுத்துமாகப் புது ஜோடிகள், பின்னால் பனிமலை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். ஹனிமூன் என்றதும் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தாள். கட்டிலில் ரோஜா இதழ்களால் இதயம், மெழுகுவர்த்தி விருந்து, படகுக்குள் பாட்டுப் பாடும் ஆள்.

"தங்கச்சிக்கா மேடம்?" என்று கேட்டாள்.

எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். இல்லாத தங்கைக்காக அரைமணி நேரம் ஹோட்டல் பார்த்தேன். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டாள். அதையும் சொன்னேன். கீழே இறங்கி வரும்போது கால் வலித்தது. காலையில் ஐந்து மணியிலிருந்து நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் படிகளில் மறுபடி ஏறவில்லை. எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

ஞாயிறு மத்தியானம்தான் எங்களுக்குக் கிடைக்கும் நேரம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ரயில், எத்தனை மணி நேரம், எந்த ஹோட்டல் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்று நான் போனில் தேடிச் சொல்ல, அவர் ஒரு பள்ளி நோட்டில் எழுதுவார். பத்து நிமிடம் எழுதுவார். பிறகு எழுத்து கோணலாகும். பிறகு பேனா நின்றுவிடும். ஒருநாள் அட்லஸின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்பியபோது கன்னத்தில் பக்கத்தின் மடிப்பு கோடாகப் பதிந்திருந்தது, மத்தியதரைக் கடல் ஈரமாக இருந்தது. பள்ளிச் சொத்து. துடைத்து, மின்விசிறிக்குக் கீழே காயவைத்தேன்.

எனக்கும் தூக்கம்தான். விடைத்தாள் கட்டு ஒரு பக்கம், அரிசி ஊறவைத்த பாத்திரம் ஒரு பக்கம், நடுவில் வெனிஸ். சில ஞாயிறுகளில் சாயங்காலம் ஆலைகளின் பக்கமிருந்து ரசாயன நாற்றம் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டு, புழுக்கத்தில் உட்கார்ந்து, பனிமலைக்கு என்ன ஸ்வெட்டர் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி, "இன்னொரு ஊரு சேத்துக்கலாமா?" என்று கேட்டார்.

"எது?"

"ராட்டர்டாம்."

அட்லஸில் தேடினேன். நெதர்லாந்து. துறைமுகம்.

"அங்க என்ன இருக்கு?"

"ஹார்பரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஹனிமூனுக்கு வந்து கிரேன் பார்க்கப்போறீங்களா? இங்க பாக்குறது போதாதா?" என்று கேட்டேன். பள்ளியில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவர் நோட்டை மூடிவைத்துவிட்டார்.

"பதினெட்டு வருசமா அங்கருந்து வர்ற பொட்டிய நான் தொறந்துகினு கீறேன். ராட்டர்டாம், ஹாம்பர்க், ஆன்ட்வெர்ப். அந்தப் பேருங்க எல்லாம் நம்ம ஏரியா பஸ் ஸ்டாப்பு மாதிரி எனக்கு. தொறந்தா உள்ள சரக்கு நீட்டா அடுக்கி வச்சிருப்பான். கயிறு கட்டிகீறதப் பாத்தாலே எந்த ஊரு ஆளுன்னு சொல்லிடுவேன். அந்தக் கதவ சாத்துறவன் யாருன்னு ஒரு தடவ பாக்கலாமேன்னு."

ராட்டர்டாமைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டேன். ஐந்து ஊர், பதினைந்து நாள், மே மாதம்.

விசாவுக்கு மார்ச்சில் தேதி கிடைத்தது. கடைசி மணி அடிப்பதற்கு முன்பே கிளம்ப அனுமதி வாங்கி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி அவரோடு சேர்ந்துகொண்டேன். அவர் ஷிஃப்டிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையை மாற்றியிருந்தார், ஆனால் தலைமுடியில் தூசி அப்படியே இருந்தது. விசா சென்டரில் போனை வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். குளிர்ந்த ஹால், வரிசை வரிசையாக நாற்காலி, கையில் டோக்கன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு புது ஜோடி. அந்தப் பெண்ணின் கையில் மருதாணி இன்னும் சிவப்பாக இருந்தது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். சாக்பீஸ் தூள் நகத்துக்குள் வெள்ளையாக இருந்தது.

காகிதமெல்லாம் சரியாக இருந்தது. எதற்காகப் போகிறீர்கள் என்ற கடிதத்தில் ஹனிமூன் என்றுதான் எழுதியிருந்தேன். சுற்றுலா என்று எழுதி, அடித்து, மறுபடி ஹனிமூன் என்று எழுதியது. அதைப் படித்த கவுன்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு கைரேகை. என்னுடையது ஒரே தடவையில் விழுந்தது. பச்சை விளக்கு வந்தது.

அவர் வலது கையின் நான்கு விரல்களைக் கண்ணாடி மேல் வைத்தார். சிவப்பு.

"அழுத்தி வைங்க சார்."

சிவப்பு. அந்தப் பெண் கண்ணாடியைத் துடைத்தாள். அவர் விரல்களை ஈரப் பஞ்சில் ஒற்றச் சொன்னாள். சிவப்பு. இடது கை. சிவப்பு. கட்டைவிரல்களை ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னாள். அவள் சொன்னபடியெல்லாம் அவர் செய்தார். பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் உள்ளே போய் ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் என் கணவரின் கையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நானும் அப்போதுதான் அப்படிப் பார்த்தேன். விரல் நுனிகள் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தன. நடுநடுவே வெடிப்பு, உரிந்த தோல்.

"என்ன சார் வேலை பாக்குறீங்க?"

"யார்டு சூப்பர்வைசர். முன்னாடி லோடுமேன்."

"கையில தோல் உரிஞ்சிருக்கு சார். இப்படி எடுத்து அனுப்புனா நல்லா இருக்காது. ஒரு மூணு வாரம் கழிச்சு, ஆறின பிறகு வாங்க. வேற தேதி குடுக்கச் சொல்றேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் என் கணவர் கையை இழுத்து பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் கூட்டம் குறைவு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். ராயபுரம் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மெஷின்ல என் வெரலு உழாதுன்னு. யார்டுல அட்டென்டன்ஸ் மெஷின் வந்து நாலு வருசமாவுது. எல்லாரும் வெரல வச்சிட்டுப் போவானுங்கோ. எனக்கு மட்டும் செக்யூரிட்டி நோட்டுல எழுதிக்குவாரு. பாஸ்போர்ட்டுக்கும் மூணு தபா தொடச்சித் தொடச்சித்தான் எடுத்தாங்கோ."

"ரேஷன் கடைக்கு?"

"அதான் அம்மா போவுதுல்ல."

இரண்டு வருடமாக, முட்டி வலியோடு மாமியார் ரேஷன் கடை வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, இந்த மனுஷனுக்கு எவ்வளவு சோம்பேறித்தனம் என்று மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது. வெளியே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அப்ப முதல்லயே ஏன் சொல்லல? இத்தனை ஞாயித்துக்கிழமை உக்காந்து எழுதினோமே."

"நீ அந்தப் புக்க விரிச்சு வச்சிகினு பேசசொல்ல நல்லா இருந்துச்சு. நடுவுல இத எப்டி சொல்றது. வந்தா வரட்டும்னு வுட்டுட்டேன்."

அவர் மேல் கோபப்பட முயன்றேன். தண்டையார்பேட்டை போனது, வ.உ.சி. நகர் போனது. கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. திருவொற்றியூரில் இறங்கும்போது அவர் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே இறங்கினார். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துத் தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கையைப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கிறது என்று சொன்னார். சிமென்ட், இரும்பு, ரசாயன மூட்டை. தேய்ந்துபோன ரேகை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், முழுக்க வருமா என்று சொல்ல முடியாது, மூன்று வாரம் எதையும் தொடாமல் இருக்க வேண்டும், தினமும் கிளிசரின் தேய்க்க வேண்டும் என்றார். சூப்பர்வைசர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வேலை என்று நான் நினைத்திருந்தேன். இவர் இன்னமும் சீலைத் தானே உடைத்து, கதவைத் தானே இழுத்துத் திறப்பாராம். உள்ளே சரக்கு சாய்ந்து நின்றால் திறக்கிறவன் மேல்தான் விழும், அதனால் வேறு யாரையும் விடுவதில்லையாம். டாக்டரிடம் சொல்லும்போதுதான் எனக்கும் தெரிந்தது.

யார்டுக்குக் கையுறை போட்டுக்கொண்டு போனார். "இன்னா மாமு, ஆப்ரேசன் பண்ணப் போறியா?" என்று லோடுமேன்கள் கேட்டார்களாம். வந்து சொல்லிச் சிரித்தார்.

கிளிசரின் தேய்ப்பது என் வேலையாயிற்று. அவரே தேய்த்துக்கொள்ளலாம்தான். முதல் நாள் அப்படித்தான் செய்தார், இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்கு, இல்லை அவர் வந்து குளித்த பிறகு, பாயில் எதிரெதிரே உட்காருவோம். அவர் ஒரு கையைக் கொடுப்பார். மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் அப்படி உட்கார்ந்த முதல் நாள் எங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் கையை அவ்வளவு நேரம் நான் பிடித்ததில்லை. யாரிடமும் சொல்ல முடியாது, ஆனால் அதுதான் உண்மை. இடது சுண்டுவிரல் நேராக நீளாது. கன்டெய்னர் கதவில் மாட்டியது என்றார். எப்போது என்று கேட்டேன். பெரிய தங்கைக்கு நிச்சயம் பண்ணிய வாரம். வீட்டில் சொல்லாமல், கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டு நிச்சயத்துக்கு நின்றிருக்கிறார். சலவைச் சோடா மூட்டை இறக்கிய இரண்டு வருடம்தான் மோசம் என்றார். வியர்வையில் அது கரைந்து விரலெல்லாம் எரியும், சாப்பாட்டைக் கரண்டியால்தான் சாப்பிட முடியும். சம்பளத்தில் அதற்கென்று தனியாகக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தார்களாம். அந்த இரண்டு வருடத்தை அவராகத்தான் கேட்டு வாங்கியிருந்தார்.

இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் ஒன்றும் இருக்காது. லாரி நம்பர் சொல்வது மாதிரி சொல்வார். பாதி சொல்லும்போதே கண் சொருகிவிடும். கை என் மடியில் கனக்கும். நான் தேய்த்துக்கொண்டே இருப்பேன். எனக்கும் கழுத்து வலிக்கும், நாளைக்கு எடுக்க வேண்டிய பாடம் மனதில் ஓடும், குக்கர் விசில் கொடுக்கும். ஆனாலும் எழுந்திருக்கத் தோன்றாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். வேறொரு பெண் இருந்தாள். பத்து விரலில் ஏழு விழுந்தன. மீதி மூன்றுக்கு ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டு, போதும் என்றாள். இந்த முறை பச்சை விளக்கு ஒவ்வொன்றாக வந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது முகம். பதினேழு நாளில் விசா வந்துவிட்டது.

அது வந்த வாரமே யார்டின் இன்னொரு சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டுப் போனார். மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, பதினைந்து நாளெல்லாம் முடியவே முடியாது, போக வர எல்லாம் சேர்த்து எட்டு நாள், அதற்கு மேல் கேட்காதே என்று சொல்லிவிட்டார். இதை அவர் வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமே என்றுதான் தோன்றியது. ரயில், ஹோட்டல், தேதி. "விடுங்க" என்றேன். "வேணாம். எனக்கு முடியல. வேளாங்கண்ணிக்கே போயிட்டு வந்துடலாம்."

அவர் உள்ளே வந்து, முகம் கழுவிக்கொண்டு, அலமாரி மேலிருந்து அட்லஸை எடுத்து மேஜையில் வைத்தார். விரித்தார். பென்சிலை எடுத்து ராட்டர்டாம் மேல் கோடு போட்டார்.

"அதை ஏங்க அடிக்கறீங்க?"

"ஹார்பருதான. நம்ம வூட்டாண்ட இல்லாத ஹார்பரா. நீ சொல்லு, அடுத்தது எது?"

பென்சிலை என்னிடம் நீட்டினார். வெனிஸை நான் அடித்தேன். படகுக்காரன் பாட்டு இல்லாமல் இருந்துவிடலாம். ரோமை அடிக்கும்போது சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

"ரோமாபுரிக்குப் போவலியா? அப்போ இன்னாத்துக்குப் போறீங்கோ?"

காத்திவாக்கத்தில் கட்டிக்கொடுத்த சின்ன நாத்தனார் அந்த எட்டு நாளும் வந்து மாமியாரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டாள். கிளம்புகிற நாளில் அம்மாவும் மகளும் வாசலில் நின்று எங்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்கள்.

விமானம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் தூங்கினோம். பாரிஸில் இறங்கியபோது காலை. ஹோட்டல் அறை எங்கள் சமையலறை அளவுதான். மதியத்துக்கு மேல்தான் சாவி என்றார்கள், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தோ என்னவோ முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். "ஒரு அரைமணி நேரம் படுத்துட்டு கோபுரத்தப் போயி பாத்துடலாம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. சாயங்காலம் என்று நினைத்தேன். மறுநாள் காலை. நாங்கள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. பாரிஸில் எங்களுக்கு இருந்த இரண்டு நாளில் ஒன்று அப்படிப் போனது. மிச்ச நாளில் கோபுரத்தைப் பார்த்தோம், ஆற்றங்கரையில் நடந்தோம், என் கால் வீங்கிவிட்டதால் ஒரு பெஞ்சில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தோம். போட்டோவில் இருவரும் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரிகிறது.

லூசர்னில் மழை. ஏரிக்கு அந்தப் பக்கம் மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் மட்டும் இருந்தது. முதல் நாள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். அந்தச் சுவருக்குப் பின்னால் எந்த மலை, எவ்வளவு உயரம், அதை ஏன் அப்படி அழைக்கிறார்கள் என்று நான் அவருக்குச் சொன்னேன். எதையும் பார்க்காமல் பாடம் நடத்திப் பழகியவள்தானே. அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது நாளும் மழை. வெளியே போகாமல், அறையில் ரொட்டிக்குள் மாமியார் கட்டிக்கொடுத்த நெத்திலித் தொக்கை வைத்துச் சாப்பிட்டோம். யார்டில் கொடுத்திருந்த போனை, விட்டுப்போன சூப்பர்வைசருக்குப் பதிலாக வந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்ததால் யாரும் கூப்பிடவில்லை. சாப்பிட்டுப் படுத்தவர் உடனே தூங்கிவிட்டார். வீட்டில் அவர் ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்குவார். இங்கே வாய் திறந்து, கை விரித்து, கட்டிலின் முக்கால் பாகத்தை எடுத்துக்கொண்டு தூங்கினார்.

நான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி இருக்கும். மழை நின்றதை முதலில் கவனிக்கவில்லை. பிறகு அந்தச் சாம்பல் சுவர் நடுவில் கிழிந்து, நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு எவ்வளவோ மேலே, வானம் என்று நினைத்த இடத்தில், பாறையும் பனியும் தெரிந்தன. நான் பலகையில் வரைந்த முக்கோணங்கள் எல்லாம் மிகச் சின்னவை. எழுந்து அவர் பக்கம் போனேன். தோளைத் தொட்டு எழுப்பக் கை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுப்பாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருந்திருக்கும். மறுபடி மூடிக்கொண்டது. கண்ணில் நீர் வழிந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. எத்தனையோ வருடத்துக் களைப்பு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்கு அவர் திடுக்கிட்டு எழுந்து, தலையணைக்கு அடியில் போனைத் தேடினார்.

"மணி இன்னா? ஷிஃப்டுக்கு..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. தூங்குங்க."

"மலை தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுது. கொஞ்ச நேரம்."

"எழுப்பிருக்கலாமே."

"நல்லா தூங்கினீங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, நல்ல டீ எங்கேயாவது கிடைக்குமா பார்க்கலாம் என்றார். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஒரே குடையில் கீழே இறங்கினோம். இரண்டு தெரு சுற்றினோம். எங்கேயும் டீ என்றால் வெந்நீரும் நூல் கட்டிய பொட்டலமும்தான். கடைசியில் ஒரு கடையில் அதையே வாங்கி, பாலைத் தனியாகக் கேட்டு ஊற்றி, ஆளுக்கு மூன்று சர்க்கரை போட்டுக் கலக்கினோம். வாயில் வைக்கும்படியாக இருந்தது. இருவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.